இடது கை

ஜூன் 3
பாஸ்கெட்பால் பயிற்சி. இடது கையால் 50 பாஸ். போய்ச் சேர்ந்தது 19.

ஜூன் 4
நெட்டை, அதான் எங்கள் டீமில் எனக்கு ஸ்கிரீன் வைக்கிறவன், எடுத்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. என்னைத் துரத்துகிறவனை மறித்து அவன் நிற்கிற அந்த ஸ்கிரீனை இடது பக்கம் சுற்றி வரும்போது, தரையில் தட்டி பவுன்ஸ் பாஸ் விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வலது கை வந்து பந்தைத் தொடுகிறது. தட்டிக்கொண்டே ஓடுகிற டிரிபிளிலிருந்து அப்படியே ஒரே கையால் போகவேண்டிய பந்து. தொட்டுப் பிடித்து விடுவதற்குள் இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவில் இருந்த சந்து மூடிவிடுகிறது. வலது பக்கம் போனால் இந்தத் தொல்லையே இல்லை.

ஜூன் 5
மழை. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டம் போட்டு, இடது கையால் 200.

ஜூன் 7
நெட்டையைக் காக்கிற ஆளை இன்று கோச் விதவிதமாக நிறுத்திப் பார்த்தார். அவன் பின்வாங்கி வளையத்துக்குக் கீழே நின்றால், நான் உள்ளே போய், அவன் என் பக்கம் ஒரு அடி வைக்கிறவரை பொறுத்து, பந்தை மேலே தூக்கி நெட்டைக்குப் போடவேண்டும். இரண்டு பேரும் என்மேல் பாய்ந்தால், நாலடி பின்னால் இழுத்துக்கொண்டு போய், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்து நிற்கிற நெட்டைக்கு. இதெல்லாம் சரி. பிரச்சினை எதிர்ப்பக்கக் கார்னரைக் காக்கிறவன். நெட்டையை மறிக்க அவன்தான் பெயின்ட்டுக்குள், வளையத்துக்கு முன்னால் இருக்கிற கட்டத்துக்குள், வருவான். வந்தால் கார்னர் காலி, அங்கே நிற்கிற எங்கள் ஆளைக் காக்க யாரும் இல்லை. அவனைத்தான் பார்க்கவேண்டும், ஆனால் பார்ப்பது அவனுக்குத் தெரியக்கூடாது. கண் நெட்டைமேல் இருக்கும்போதே ஓரத்தில் அவன் காலை எப்படிப் பார்ப்பது? பதினைந்து தடவை செய்தேன். பதினைந்திலும் என் தலை திரும்பியதாம்.

ஜூன் 8
NBA-வில் ஸ்டாக்டன், 15,806 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ். 19 சீசனும் யூட்டா டீமில், அதில் 18 அவருடைய ஜோடி மலோனோடு. எனக்கும் நெட்டைக்கும் நாலு மாதம். அதில் ஒரு மாதம் பேச்சே இல்லை.

ஜூன் 9
அந்த மேட்சைப் பற்றி இங்கே எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். கடைசி 6 விநாடி. கார்னர் காலியாக இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும் கொடுக்கவில்லை.

ஜூன் 11
நெட்டைக்கு மூன்று ஃபவுல், மூன்றும் நகர்ந்துகொண்டே ஸ்கிரீன் வைத்ததற்கு. கத்திவிட்டேன். "நான் காலை ஊன்றதுக்குள்ள நீ கிளம்பிடற, நான் என்னடா பண்ணட்டும்?" என்றான். வீடியோவை மறுபடி ஓட்டினேன். அவன் சொன்னதுதான் சரி. அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 12
டீம் லிஸ்ட் ஒட்டவில்லை.

ஜூன் 13
50-ல் 31! ஒன்று மட்டும் இன்னும் கையிலேயே இருக்கிறது. என்னைத் துரத்தி வந்தவன் ஷூ நுனிக்கு ஒரு விரல் தள்ளித் தரையில் பட்டு, நெட்டையின் இடுப்புக்கு எழும்பியது. அவன் ஓட்டத்தைக் குறைக்கவே இல்லை. வலது கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது.

ஜூன் 14
கார்னருக்கு 30. இடது கையால் தலைக்கு மேலே கொக்கி போல் வளைத்து. பாதி, நிற்கிறவனின் முழங்காலுக்குப் போகிறது. குனிந்து எடுத்தால் ஷூட் பண்ண நேரம் இருக்காது.

லிஸ்ட் நாளைக்காம்.

ஜூன் 15
நெட்டை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். இன்னும் எடுக்கவில்லை.