ஹெர்மிஸுக்கு இறங்க முதல் சிலிண்டரை நீங்களே அளந்து பாருங்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸைப் பார்க்கவென்றே காசு சேர்த்து, ஆழச் சுழியோட்டப் பயிற்சி முடித்து, அட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் படகு என்னைக் கரையில் விட்டுவிட்டுப் போனது.

படிவம், மருத்துவச் சான்று, பணம் எல்லாம் பத்து நிமிட வேலை. சிலிண்டரில் 'காற்று' என்று பட்டி ஒட்டியிருந்தது. ஒட்சிசன் மானியைக் கேட்டேன். "நாங்க நேற்றே பார்த்திட்டம் தம்பி, படகு வெளிக்கிடப் போகுது" என்றார் அங்கே நின்றவர். இரண்டாந்தரம் கேட்க முகம் சுருங்கியது. மூன்றாந்தரம் கேட்ட பிறகுதான் மேசை லாச்சியைத் திறந்தார். வால்வை மெல்லத் திருகி மானியைப் பிடித்தேன். சாதாரணக் காற்றென்றால் நூற்றுக்கு 21க்குக் கிட்ட நிற்கவேண்டிய ஒட்சிசன் எண் 24, 28 என்று ஏறி 32இல் போய் நின்றது.

நைட்ராக்ஸ், அதாவது ஒட்சிசன் கூட்டிய காற்று. 30 மீற்றரில் அருமையான வாயு. ஹெர்மிஸ் கிடப்பதோ 50 மீற்றருக்கும் கீழே. அங்கே அமுக்கம் மேற்பரப்பைப்போல ஆறு மடங்கு. அதில் ஒட்சிசனின் பங்கு, அதாவது பகுதியமுக்கம், 1.9ஐத் தாண்டும். நாம் படித்த எல்லை 1.4. சொல்லாமல் கொள்ளாமல் வலிப்பு வரும், மூச்சுவிடும் ரெகுலேட்டர் வாயிலிருந்து கழரும். அந்த ஆழத்தில் அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. "பட்டி மாறிப்போச்சு" என்றார். ஒரு மன்னிப்புக்கூட வரவில்லை. வேறு சிலிண்டரும் இருக்கவில்லை.

மறுநாள் நீரோட்டம். மிதவைக் கயிறு சாய்ந்து கிடந்ததைக் காட்டி, "இண்டைக்கு வேண்டாம் மகன்" என்றார் படகோட்டி ஐயா. அவர் சொன்னது சரி, அதில் எனக்குக் குறையில்லை.

மூன்றாம் நாள் 20.9. எண்ணையும் திகதியையும் பட்டியில் என் கையாலேயே எழுதினேன்.

1942 ஏப்ரல் 9. திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு விலகிப் போன கப்பலில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. எல்லாம் கரையில் நின்றன. யப்பானிய விமானங்கள் தாக்கி மூழ்கடித்ததில் 307 பேர் போனார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு இறங்கினால் எதையும் தொடக் கை வராது. ஒருக்களித்துக் கிடக்கும் அந்தப் பெரிய உடலில் ஒரு பீரங்கியின் முன்னால் நின்றேன். குழல் முழுக்கக் கடற்பஞ்சு, வாயிலிருந்து சின்ன மீன்கள் வந்து வந்து போயின.

அடியில் 15 நிமிடம், கயிற்றைப் பிடித்தபடி மேலே வர 40 நிமிடம். ஆழத்தில் நைதரசன் தரும் மயக்கத்தில் மானியை இரண்டு தரம் படித்தும் எண் மனதில் நிற்கவில்லை. ஏறும் நேரங்களை முன்கூட்டியே மணிக்கட்டுப் பலகையில் எழுதி வைத்ததுதான் காப்பாற்றியது.

போகிறவர்கள் நாலு நாளாவது கையில் வையுங்கள். ஒட்சிசன் மானி சொந்தமாக ஒன்று வாங்குங்கள். வீடு வந்ததும் நான் செய்த முதல் வேலை அதுதான்.