ஐந்து வாத்து, இரண்டு பழைய சேலை

பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல், சர்ஜாபூர், ஹொசகோட்டை பக்கம் மனை வாங்கிக் குடிபோன நம்மவர்கள் சிலர் வீட்டில் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்: பின்கட்டில் நாலைந்து வாத்து, உள்ளே கட்டில் மேல் பாதி தைத்த ஒட்டுத்துணிப் போர்வை. செலவு இரண்டுக்கும் குறைவு. கெடுவது மட்டும் ஒரே காரணத்தால், ஈரம். வேலூரிலோ தர்மபுரியிலோ மறந்து போட்டதைக்கூட வெயில் காய வைத்துவிடும். பெங்களூரில் ஜூனில் பிடிக்கிற மூட்டம் நவம்பர் வரை விட்டு விட்டு வரும். "தண்ணீரில் கிடக்கிற பிராணிதானே" என்று வாத்தை நனைந்த தரையில் படுக்கவிட்டவரும், "கனமா இருந்தா நல்லா குளிர் தாங்கும்" என்று ஆறு அடுக்கு வைத்துத் தைத்தவரும் கடைசியில் ஒரே முடை நாற்றத்தில் வந்து நிற்பார்கள்.

முட்டைக்கு வளர்ப்பதென்றால் காக்கி கேம்பல் என்கிற வாத்து இனம். நன்றாகப் பராமரித்தால் ஒரு பெட்டை வருஷத்துக்கு 250 முதல் 300 முட்டை வரை இடும். முட்டை ஒன்று 60, 70 கிராம் நிற்கும். ஐந்து மாதம் தாண்டியதும் இட ஆரம்பிக்கும். ஹெசரகட்டாவில் இருக்கிற மத்திய அரசின் கோழி வளர்ப்பு நிறுவனம் வாத்துகளையும் வைத்திருக்கிறது. குஞ்சுக்கு முதலில் அங்கே விசாரியுங்கள். அக்கம்பக்கத்தில் கேட்பதானால் கன்னடத்தில் வாத்துக்கு 'பாத்துகோளி'. காக்கி கேம்பலை நம்பி அடை வைக்க முடியாது, உட்காராது. வீட்டிலேயே பொரிக்க ஆசைப்பட்டால் மணிலா வாத்தையோ நாட்டுக் கோழியையோதான் உட்கார வைக்க வேண்டும். 28 நாள் ஆகும். மணிலா வாத்தின் சொந்த முட்டைக்கு 35 நாள்.

முட்டைக்கு ஆண் வாத்து வேண்டவே வேண்டாம். குஞ்சு வேண்டுமானால் ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். மூன்று பெட்டைக்கு இரண்டு ஆண் விட்டால் பெட்டைகளின் பிடரியில் இறகு போய்த் தோல் தெரியும். ஒரு எச்சரிக்கை: தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவது பெட்டைதான், ஆணுக்குத் தொண்டை கட்டிய குரல். சுவரொட்டி அடுத்த வீடு இருந்தால் வாங்குவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

ஐந்து வாத்துக்கு 5 அடிக்கு 4 அடி கொட்டகை தாராளம். வெளியே உலவ ஒன்றுக்குப் பதினைந்து சதுர அடி. பரண், கம்பு எதுவும் தேவையில்லை, வாத்து தரையில்தான் படுக்கும். அதனால்தான் தரை முக்கியம். செங்கல் பாவி, ஒரு பக்கம் லேசாகச் சரிவு கொடுத்து, மேலே 3, 4 அங்குலம் நெல் உமி. தினமும் காலையில் ஒரு பிடி உமியை அள்ளி அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் அந்த இடத்தை அன்றைக்கே வாரிக் கொட்டிவிட்டுப் புதிது போட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் முதலில் நெடி கண்ணை எரிக்கும். பிறகு வாத்தின் உள்ளங்கால் வீங்கி நடுவில் கறுப்புத் தழும்பு விழும், நொண்டும். மழையில் உமி நனைவதைவிட, வாத்து தானே அலகில் தண்ணீரைக் கொண்டுவந்து நனைப்பதுதான் அதிகம். ஆகவே தண்ணீர்த் தொட்டியைக் கொட்டகைக்குள் வைக்கக் கூடாது. இரவில் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தீனி மட்டும் வைத்துத் தண்ணீர் இல்லாமல் விடுவதுதான் ஆபத்து, விக்கிக்கொள்ளும்.

நீந்தக் குளம் வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். தலை முழுக முங்குகிற ஆழம் வேண்டும், 5, 6 அங்குலம். மூக்கையும் கண்ணையும் கழுவ முடியாத வாத்துக்குக் கண்ணோரம் பீளை கட்டும். மூன்றடிக்கு மூன்றடி, முக்காலடி ஆழம் குழி வெட்டி ஜல்லி நிரப்பி, அதன் மேல் பிளாஸ்டிக் டப்பை வையுங்கள். சிந்துவது ஜல்லிக்குள் இறங்கிவிடும். தினமும் கொட்டி மாற்றுங்கள், டெங்குக் கொசுவுக்கு இடம் கொடுக்கக் கூடாது. கொட்டுகிற தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் விட்டால் உரமே வாங்க வேண்டாம்.

இரவில் நாயும் கீரியும் வரும். கோழி வலை என்று விற்கிற அறுகோண வலையைத் தெருநாய் பல்லால் இழுத்தே பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் வெல்ட்மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, போடுங்கள். கீழே ஓரடி மண்ணுக்குள் போகட்டும். காலை ஒன்பது மணிக்கு முன் திறந்துவிட வேண்டாம். பெரும்பாலும் விடியற்காலையில்தான் இடும். சீக்கிரம் திறந்தால் முட்டை செடி மறைவில் போய்விடும்.

வளர்ந்த வாத்துக்குக் கோழிக்கான லேயர் மாஷ் (முட்டைக் கோழிக்கான தீவன மாவு) நாளைக்கு 120 முதல் 150 கிராம், மிச்சத்துக்குக் கீரைத் தண்டு, அசோலா என்கிற நீர்ப்பாசி, நத்தை. மாஷை உலர்ந்தபடி போட்டால் அலகில் ஒட்டும். புட்டுக்கு மாவு பிசிறுகிற பதத்தில் தண்ணீர் தெளித்துப் பிசிறுங்கள், கஞ்சியாக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் மிஞ்சியதை எடுத்துவிடுங்கள், புளித்துவிடும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்பட்டது தானே தின்னும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கோ மக்காச்சோளமோ ஒரு கை அளவுகூட வேண்டாம். அந்தப் பூசணத்தின் நஞ்சான அஃப்ளாடாக்சினைக் கோழி ஓரளவு தாங்கும். வாத்து தாங்காது, குஞ்சென்றால் இரண்டே நாளில் போய்விடும். மழை மாதத்தில் பதினைந்து நாளுக்கான தீனிக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 30, 32 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே 15 டிகிரிக்கு இறங்கும் என்பதால் அந்த மாதங்களில் குஞ்சு வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். பல்புக்குக் கீழே நெருக்கியடித்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. செய்தித்தாள் விரிக்கக் கூடாது. வழுக்கிக் கால் அகன்றுவிடும். தாயில்லாக் குஞ்சை முதல் மூன்று வாரம் நீந்தவிடவும் கூடாது. தாயோடு இருக்கிற குஞ்சின் தூவியில் தாயின் எண்ணெய் ஒட்டும். பல்பில் வளர்வதற்கு அது கிடையாது, நனைந்து விறைத்துவிடும். கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற பி வைட்டமின் அதிகம் தேவை. கோழித் தீவனம் மட்டும் கொடுத்துக் கால் வளைந்தால் காரணம் அநேகமாக அதுதான், கால்நடை மருத்துவரிடம் பி-காம்ப்ளெக்ஸ் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். வாத்து பிளேக் தடுப்பூசி எட்டு வாரத்துக்கு மேல். மருந்து பல டோஸ் குப்பியாகத்தான் வரும், கலக்கினால் உடனே தீர்க்க வேண்டும். அதனால் அக்கம்பக்கத்தில் வளர்ப்பவர்களோடு ஒரே நாளில் போட்டுக்கொள்வது நல்லது.

இனி ஊசி. வாத்து மினுங்குகிற எதையும் விழுங்கும்: குண்டூசி, ஆணி, கம்பித் துண்டு. உள்ளே போன குண்டூசி இரைப்பையைக் குத்திக் கிழிக்கும். வெளியே ஒன்றும் தெரியாமல் இளைத்துக்கொண்டே வந்து சாகும். நூலும் சாதாரணமில்லை, குஞ்சின் விரலில் சுற்றி இறுகினால் விரலே அழுகிப்போகும். அதனால் பழைய போர்வையைக் குஞ்சுப் பெட்டியில் விரிக்காதீர்கள், தையல் அறைக் குப்பையைப் பின்கட்டில் கொட்டாதீர்கள். தைக்க உட்காரும்போது ஊசி எத்தனை என்று எண்ணி, எழும்போதும் எண்ணுவது நல்ல பழக்கம்.

போர்வைக்கு இரண்டு பழைய பருத்திச் சேலை போதும். கணக்கு இது: ஐந்தரை மீட்டர் சேலையைக் குறுக்கே மூன்றாகக் கிழித்தால் ஒவ்வொன்றும் ஆறடி நீளம். இரண்டு துண்டைக் கரையோடு கரை மூட்டினால் கிட்டத்தட்ட 72 அங்குலத்துக்கு 90 அங்குலம். இரண்டு சேலையில் ஆறு துண்டு, மூன்று அடுக்கு. ஓர் அடுக்கு அடியில், ஓர் அடுக்கு நடுவில், மூன்றாவதை வெட்டி ஒட்டுத்துணிகளோடு கலந்து மேலே. இந்த ஊர்க் குளிருக்கு இதற்கு மேல் ஒரே ஓர் அடுக்கு சேர்க்கலாம், அதோடு நிறுத்துங்கள். ஐந்தாவது அடுக்கு குளிரைத் தடுப்பதைவிட ஈரத்தைப் பிடித்துவைப்பதில்தான் கெட்டி.

ஒட்டுத்துணி சிக்பேட்டையில் பிட் துணியாகக் கிடைக்கும். தெரிந்த டெய்லரிடம் சொல்லிவைத்தால் வெட்டு மிச்சத்தை மூட்டையாகத் தருவார். பருத்தியை மட்டும் பொறுக்குங்கள். பாலியஸ்டர் சுருங்காது, பருத்தி சுருங்கும். முதல் சலவையிலேயே மேல்பரப்பு கொப்பளம் கொப்பளமாக எழும்பும். புதுத் துணி எல்லாவற்றையும் ஓர் இரவு ஊறவைத்து அலசிக் காய வையுங்கள். சிவப்பையும் கருநீலத்தையும் தனியாக, தண்ணீர் தெளிந்து வரும்வரை அலச வேண்டும். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பதை நம்பி வெள்ளையோடு வைத்துத் தைத்துவிடாதீர்கள். பழைய சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் வைத்த இடமும் இடுப்புப் பகுதியும் நைந்திருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் இழுத்தால் 'சர்' என்று விடுகிற இடத்தை வெட்டித் தள்ளிவிடுங்கள்.

தைக்கிற முறைக்கு இந்த மாநிலத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. வட கர்நாடகத்தில் இதைக் கவுதி என்பார்கள். உத்தர கன்னடத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்து, ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி இனப் பெண்கள் தைப்பது கவந்தி. அவர்கள் ஒட்டுகளை முதலில் ஒன்றோடொன்று மூட்டிக்கொள்வதில்லை. அடித்துணியை விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, துணித்துண்டை வைத்து ஓரத்தை நகத்தால் மடித்து, எல்லா அடுக்கையும் சேர்த்தே ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு விளிம்பைச் சுற்றி வருவார்கள். சுற்றிச் சுற்றி நடுவில் போய் முடியும். அளவுகோல், மேஜை, சட்டம் எதுவும் வேண்டாம், மடியில் போட்டே தைக்கலாம். கடைசியில் நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைப்பார்கள். பூ இல்லாமல் போர்வை முடிந்ததாகாது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் அடி, நடு இரண்டு அடுக்கையும் தரையில் இழுத்து விரித்து, மூலைக்கு ஒரு செங்கல் வைத்து, நாலு அங்குலத்துக்கு ஒரு வரியாகப் பெரிய தையலில் இழையோட்டிக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வந்தால் மிச்சத் துணியெல்லாம் நடுவில் கூடி நிற்கும். சாக்கு தைக்கிற கோணி ஊசி வேண்டாம், துளை பெரிதாகிவிடும். காது அகலமான நீள ஊசி, விரலுக்கு அங்குஸ்தான், பருத்தி நூல் இரட்டை இழை. நூல் முழங்கை நீளம், 18 அங்குலம். சோம்பலில் நீளமாகக் கோத்தால் அரை மணி முழுக்கச் சிக்கெடுப்பதிலேயே போகும். நூலை ஒருமுறை மெழுகில் இழுத்துக்கொண்டால் முறுக்கேறாது. அங்குலத்துக்கு நாலு தையல், வரிக்கு வரி ஓர் அங்குலம். 72-க்கு 90 போர்வையில் அது 540 அடி தையல், கிட்டத்தட்ட 26,000 குத்து, முடிச்சும் வீணும் சேர்த்து 400 மீட்டர் நூல். நூலை இறுக்கி இழுத்தால் பரப்பு அப்பளம் மாதிரி சுருளும். நாலைந்து தையலுக்கு ஒருமுறை விரலால் தடவி நிரவிவிட்டுப் போங்கள். ஒட்டுத்துணியை இழைக்கு மூலைவாட்டில் வெட்டியிருந்தாலும் இதே சுருக்கம் வரும். அதற்குத் தையலைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாத்து இறகை உள்ளே அடைக்கலாமா என்ற யோசனை வராமல் இருக்காது. வேண்டாம். இறகின் தண்டு சேலைத் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். மெல்லிய தூவி இழையிடுக்கில் பறந்துபோகும். ஐந்து வாத்து இறகு உதிர்ப்பதைச் சேர்த்தால் ஒரு தலையணைக்கே காணாது, கழுவிக் காய வைக்காமல் அடைத்தால் பூச்சியும் சேரும். வாழைக் குழிக்குப் போட்டால் மட்கும்.

துவைப்பதை ஜனவரி முதல் மே வரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பெரிய டப்பில் காலால் மிதித்து அலசலாம். பிழிந்தால் நூல் அறும். ஒரே கொடியில் மடித்துப் போட்டால் மடிப்பின் உள்பக்கம் காயவே காயாது. ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு கொடி கட்டி, போர்வையை இரண்டின் மேலும் கூடாரம் மாதிரி போடுங்கள். மதியம் திருப்பிப் போட வேண்டும். கொடி வாத்துக் கூண்டுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். தொங்குகிற நூலைக் கண்டால் வந்து இழுக்கும். மாலையில் மூட்டுத் தையலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும். சில்லென்று இருந்தால் பெட்டியில் வைக்காமல் மறுநாளும் போடுங்கள்.