ஹை வோல்டேஜ் ப்ரோபில் காப்புதான் பாதி வேலை

மீட்டரால் நேரடியாக அளக்க முடியாத உயர் மின்னழுத்தத்தைக் குறைத்து அதற்குக் கொடுப்பதுதான் இந்த ப்ரோப். நாமே செய்யும்போது ரெசிஸ்டர் கணக்கு எளிது. 10 மெகாஓம் ரெசிஸ்டர்கள் 100-ஐத் தொடராகக் கோத்தால் 1 கிகாஓம், 10 கிலோவோல்ட்டில் ஒவ்வொன்றுக்கும் 100 வோல்ட்தான். அடியில், எர்த் பக்கம், 1.11 மெகாஓம் போட்டு அதன் குறுக்கே மீட்டரை மாட்டினால் மீட்டரின் சொந்த உள் மின்தடையான 10 மெகாஓமும் இணையாகச் சேர்ந்து ஆயிரத்தில் ஒரு பங்கு காட்டும்.

சரி, அப்புறம் காப்பு, அதாவது இன்சுலேஷன். சால்டர் கூராக நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே கொரோனா, அதாவது கூர்முனையைச் சுற்றிய காற்றே மின்சாரம் கடத்தத் தொடங்குவது, கிளம்பிக் கசியும், அதனால் ஒவ்வொரு இணைப்பையும் உருண்டையாக முடித்து, சால்டர் விட்டுப்போகும் ஃப்ளக்ஸ் பிசுக்கைச் சுத்தமாகத் துடைத்து, அக்ரிலிக் குழாய்க்குள் இறக்கி எபாக்சி பிசினை மெதுவாக ஊற்றுங்கள், காற்றுக் குமிழி தங்கவே கூடாது, மின்புலம் குமிழிக்குள் குவிந்து முதலில் அங்கேதான் காப்பை உடைக்கும். எர்த் வயரை எல்லாவற்றுக்கும் முன்னால் மாட்டுங்கள், அது கழன்றால் மீட்டரே உயர் மின்னழுத்தத்தில் மிதக்கும். மைக்ரோவேவ் அவன் பக்கம் மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள், அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் ஆளையே கொல்லும்.