பூட்டு சாவியும் நான் அமுக்கிய கட்டிலும்

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நாள். காலை ஆறே முக்காலுக்கே குளித்து முடித்து, சட்டைப் பையில் வாக்காளர் அட்டையைச் சொருகிக்கொண்டு, "முதல் ஆளா போட்டுட்டு வந்து இட்லி சாப்பிடுறேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நேராகப் போய் நின்ற இடம் முந்தைய வருடம் சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்ட அதே பள்ளிக்கூடம். கேட் திறந்திருந்தது, போலீஸ் இல்லை, வரிசை இல்லை, நாலு பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பூத் எங்கேப்பா என்று கேட்டேன்.

"அங்கிள், அது போன வருஷமே முடிஞ்சிருச்சே" என்றான் கீப்பர் பையன்.

வீட்டுக்குத் திரும்பினால் அம்மா சுங்குடிச் சேலை கட்டி, கையில் மூன்று பூத் சிலிப்போடு வாசலில் உட்கார்ந்திருந்தார். "மூணு நாளா டிவி மேலதான் இருக்கு, உன் கண்ணுக்கு அது மட்டும் தெரியாதே." சிலிப்பில் வார்டு எண், பாகம் எண், வரிசை எண், எந்தப் பள்ளி, எந்த அறை எல்லாம் தெளிவாக அச்சடித்திருந்தது. சிலிப் கிடைக்காதவர்கள் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், நான் அதையும் பார்க்கவில்லை. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் நடத்துகிற ஆணையம் வேறு, உள்ளாட்சிக்கு நடத்துகிற ஆணையம் வேறு. பட்டியலில் நம் பெயர் அப்படியே வந்துவிடும், ஆனால் வார்டு வாரியாகப் பிரித்திருப்பார்கள், அதனால் பூத் மாறலாம். இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், தெரிந்த கால்தான் பழைய பள்ளிக்கு நடந்தது.

எங்கள் பக்கத்தில் குழப்பத்துக்கு வேறு காரணமும் உண்டு. நாங்கள் பேரூராட்சியாகத் தூங்கி மாநகராட்சியாக எழுந்தவர்கள். 2021 நவம்பரில் பல்லாவரம், தாம்பரம் என்று ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள், மொத்தம் 70 வார்டு. பழைய வார்டு எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அது அன்றிலிருந்து செல்லாத நோட்டு. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்ததும் 2011-இல். பத்து வருடத்துக்கு மேல் கவுன்சிலர் ஓட்டே போடாததால் தெருவில் பாதிப் பேருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

நான் மட்டும் ரொம்பப் பொறுப்பாக இருந்தேன். உண்மையாகவே. இரண்டு வாரமாக எங்கள் தெருவுக்கு நோட்டீஸ் கொண்டுவந்த அத்தனை வேட்பாளர்களையும் கேட்டில் நிறுத்தி ஒரே கேள்வி கேட்டேன்: மழைநீர் வடிகால் எப்போது? அதற்கு முந்தைய நவம்பர் மழையில் எங்கள் வீட்டு இரண்டாவது படி வரை தண்ணீர், பைக்கில் பாதி முழுகியிருந்தது. கேட்டதும் பலர் கும்பிட்டார்கள், சிலர் கைகுலுக்கினார்கள், ஒருவர் என் கையில் ஒரு காலண்டர் கொடுத்தார். ஒரே ஒரு சுயேச்சை மட்டும், ஓய்வு பெற்ற மனிதர், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கால்வாய் ஓரம் குனிந்து, போனில் டார்ச் போட்டு உள்ளே பார்த்து, "இது அடைப்பில்ல தம்பி, வாட்டமே தப்பு, தண்ணி மேல ஏறணும்னு கட்டியிருக்காங்க" என்று சொல்லி ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். சின்னம் பூட்டு சாவி. விழுந்துவிட்டேன். அதற்கப்புறம் பத்து நாள் டீக்கடையிலும் பால் பூத்திலும் மாடியில் துணி காயப்போடும்போதும் அவருக்காக நான் செய்த பிரசாரத்தை அவர் வீட்டுக்காரம்மாகூடச் செய்திருக்க மாட்டார்.

சரி, இட்லி சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினோம். இந்தப் பள்ளியில் ஆண்களுக்குத் தனி பூத், பெண்களுக்குத் தனி பூத். உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களில் அப்படி இருக்கும். கூட்டமே இல்லை (சென்னை மாநகராட்சியில் அன்று பதிவானது 43 சதவீதத்துக்குச் சற்று மேல், எங்கள் பக்கமும் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரிதான் இருந்தது). பிரியும்போது அம்மா திரும்பி, "டேய், செவுத்துல பேர் ஒட்டியிருக்கு பாரு, படிச்சிட்டுப் போ" என்றார். பத்து நாள் பிரசாரம் செய்தவனுக்குப் பெயர்ப் பட்டியல் எதற்கு?

உள்ளே போனதும் நெற்றியில் காய்ச்சல் பார்த்தார்கள், கையில் சானிடைசர் பீய்ச்சினார்கள், கொரோனா காலம். முதல் மேசையில் பெயரைச் சத்தமாகப் படித்தார்கள், முகவர்கள் தங்கள் தாளில் கோடு போட்டார்கள். அடுத்த மேசையில் கையெழுத்து, இடது ஆள்காட்டி விரலில் மை. மூன்றாவது மேசையில் இருந்த டீச்சர் தன் முன்னால் இருந்த கருவியில் பட்டனைத் தட்டி, "போங்க சார்" என்றார். அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் விரலை நீட்டியபடியே இயந்திரத்தைப் பார்க்கிறேன்.

பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். என் மனிதரை மட்டுமல்ல, காலண்டர் கொடுத்தவரையும் காணோம். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் தெருதான் வார்டு எல்லை. எதிர்ச்சாரி ஒரு வார்டு, எங்கள் சாரி ஒரு வார்டு. எல்லா வேட்பாளர்களும் தெருவின் நடுவில் நடந்து இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். என்னிடம் வந்து குனிந்து பார்த்தவர் எதிர்ச்சாரிக் கால்வாயைத்தான் பார்த்திருக்கிறார்.

நோட்டாவைத் தேடினேன். இந்தத் தேர்தலில் அதுவும் கிடையாது. "சார், ஆச்சா?" என்றார் டீச்சர். இதோ ஆச்சு மேடம். முகவர் ஒருவர் இருமினார். இருக்கிற பெயர்களில் இரண்டு கட்சிச் சின்னம், எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம், மிச்சமெல்லாம் முகமே தெரியாத சுயேச்சைகள். ஓட்டு ரகசியம் என்பார்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விடிந்ததிலிருந்து அலைந்த களைப்பில் கண்ணுக்கு நல்லதாகத் தெரிந்தது கட்டில் ஒன்றுதான். அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, 'பீ...ப்' என்று நீளமாகக் கத்தியது. பழக்கதோஷத்தில் பக்கத்தில் சீட்டு தெரியும் பெட்டியைத் தேடினேன், சட்டமன்றத் தேர்தலில் ஏழு விநாடி காட்டுமே, அது. இதில் அந்தப் பெட்டியும் இல்லை. நான் செய்த காரியத்துக்குச் சாட்சியே இல்லை, ஒரு விதத்தில் நல்லதுதான்.

வெளியே வந்தால் அம்மா எனக்கு முன்பே முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். "ஒரே ஒரு பட்டனுக்கா இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்த?" அம்மா மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். அங்கே 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தலுக்கு நாலு ஓட்டு: வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நாலு தாளிலும் முத்திரை குத்தி, மை எதிர்ச் சின்னத்தில் ஒட்டாமல் பார்த்து மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், கல்யாணத்துக்குப் போய் வந்த மாதிரி இருக்குமாம். நாலு ஓட்டுப் போட்டவரைப் பட்டணத்துக்குக் கூட்டிவந்து ஒரு ஓட்டு ஆக்கிவிட்டேன்.

"சரி, மேயருக்கு எங்க போடணும்?"

மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள், மார்ச் 4-ஆம் தேதி என்றேன். 2011-இல் மக்களே நேரடியாகப் போட்டார்கள், இப்போது மாற்றிவிட்டார்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்துவிட்டு, "நம்ம வீட்டுச் சமையலுக்கு அடுத்த வீட்டுக்காரன் உப்புப் போடுற மாதிரியில்ல இருக்கு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "நீ என்ன, பூட்டு சாவியத் தேடுனியா?" என்றார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சிலிப் குடுத்த பையனே சொன்னானே, அவரு எதிர்ச்சாரின்னு."

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீதான் யாரையும் பேசவே விடலையே."

என் மனைவி அதுவரை அமைதியாக வந்தவள், அங்கேயே நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் யாருக்குப் போட்டேன் என்று வீட்டுக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். சொல்லவில்லை.

22-ஆம் தேதி எண்ணிக்கை. சாயங்காலம் தெருவில் மேளச் சத்தம். பூட்டு சாவி ஜெயித்துவிட்டது. மாலையோடு நடந்து வந்தவர் என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எங்கள் கேட்டுக்கு வந்து, என் இரண்டு கையையும் பிடித்து, "தம்பி, உங்க ஓட்ட மறக்க மாட்டேன்" என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். பக்கத்தில் வந்த பையன் தட்டை நீட்ட, அம்மா எட்டி மூன்று லட்டு எடுத்துக்கொண்டார்.

"ஆளுக்கு ஒண்ணுதாங்கம்மா" என்றான் பையன்.

"ஊர்ல எனக்கு நாலுப்பா" என்றார் அம்மா.