கரைவெட்டியில் வாத்து எண்ணப் போனபோது

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். குளிர்காலத்தில் வனத்துறை தேதி அறிவித்ததும் வனச்சரக அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் போதும். பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நான் கரைவெட்டி கேட்டேன், கிடைத்தது. திருவையாறு தாண்டி, கொள்ளிடம் கடந்து, திருமானூர் வழியாகப் போகிற ஊர். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்காலில் வந்து நிரப்பும் ஏரி, பறவைகள் சரணாலயமும்கூட.

முந்தைய நாள் பயிற்சியில் கவனமாகக் கேட்க வேண்டியது, கூட்டத்தை எண்ணும் முறை. முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அவை எவ்வளவு இடம் அடைக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அதே அளவைக் கூட்டம் முழுக்க வைத்துக்கொண்டே போக வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான்.

விடியலில் மூட்டம் விலகும்வரை ஒன்றும் தெரியவில்லை. விலகியதும் வரித்தலை வாத்துகள்! வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. பாதி எண்ணுவதற்குள் சேற்றுப் பருந்து ஒன்று தாழப் பறந்தது, மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. இறங்கும்வரை காத்திருந்து முதலிலிருந்து எண்ணுவதுதான் வழி, பழைய எண்ணிக்கையோடு கூட்டக் கூடாது.

குழுவில் இருந்த ஆராய்ச்சி மாணவி இமயப் பனியைப் பற்றிப் படிப்பவர். இந்த வாத்துகள் லடாக், திபெத், மங்கோலிய ஏரிகளில் குஞ்சு பொரிப்பவை. லடாக்கில் உள்ள த்சோ மோரிரி ஏரியே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பனி விலகுவதைச் செயற்கைக்கோள் படத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கரையில் உட்கார்ந்து விளக்கினார். பனி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். குறிப்பிட்ட அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். பெரும்பாலான மேகங்கள் இரண்டையுமே திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பனியையும் மேகத்தையும் பிரிக்கிறார்கள். அத்தனை தூரத்துப் பனியும் நம் மேட்டூர்த் தண்ணீரும் ஒரே பறவைக்கு வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

வரப்பில் நின்ற விவசாயி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "வரட்டும் தம்பி, எத்தனையோ வருஷமா வருதுங்க. ஆனா ராத்திரியில உளுந்துக் குருத்தை மேஞ்சுட்டுப் போனா, அதை யாருகிட்ட சொல்றது?" என்றார். எங்கள் கையிலிருந்த படிவத்தில் இனம், எண்ணிக்கை, நேரம் எல்லாம் இருந்தன, வயலுக்கு இடமில்லை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்த ஏரி இது. ஆனால் சரணாலய எல்லை தாண்டி மேயும் பறவையை ஏரிக்குள் மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குதான் என்பது என் கருத்து.

அவர் சொன்னதைக் குறிப்புப் பகுதியில் எழுதினேன். படிவத்தை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும், பறவைக் கணக்குகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் இணையதளத்திலும் பதிந்துவிடுங்கள். அடுத்த கணக்கெடுப்பின் பயிற்சிக்கு ஏரியைச் சுற்றியுள்ள வயல்காரர்களையும் அழைக்கச் சொல்லி, கூடவே ஒரு மனு கொடுத்திருக்கிறேன்.