"இருக்கேன்" என்பதற்கு முன்னால்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்தில் காலை ஏழு மணிக்கு எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் "பசியாறியாச்சா?" என்ற கேள்வி காதில் விழாமல் இருக்காது. கேட்பவர் வயிற்றைப் பற்றி விசாரிக்கவில்லை என்பது இருவருக்குமே தெரியும், "ஆச்சு, நீங்க?" என்று உடனே திருப்பிக் கேட்டால் முறை முடிந்தது. அந்தப் பதில் வராவிட்டால்தான் கேட்டவர் முகம் மாறி, தன் மீது என்ன வருத்தமோ என்று யோசிக்கத் தொடங்குகிறார்.

இப்படிப்பட்ட சாதாரணப் பேச்சையே ஆய்வுப் பொருளாக்கியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ். 1963–64இல் லாஸ் ஏஞ்சல்ஸ் தற்கொலைத் தடுப்பு மையத்தில் இருந்தபோது அங்கு வந்த தொலைபேசி அழைப்புகளை அவர் ஆராய்ந்தார். ஊழியர் தம் பெயரைச் சொன்னால், அழைத்தவரும் பெரும்பாலும் தம் பெயரைச் சொல்லிவிடுவார். ஓர் அழைப்பிலோ, பெயர் வரவேண்டிய இடத்தில் "நீங்கள் சொன்னது கேட்கவில்லை" என்ற வார்த்தை வந்தது. ஊழியர் தம் பெயரை மீண்டும் சொல்லி முடிப்பதற்குள், அழைத்தவர் தம் பெயரைச் சொல்லவேண்டிய தருணம் கடந்துபோயிருந்தது. மறுக்காமலே மறுக்கும் இந்த நுட்பத்தை வேறு யாரேனும் ஒரு பொருட்டாக மதித்திருப்பார்களா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

பேச்சில் ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை வருவதைப் பற்றி, இமானுவேல் ஷெக்லோஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகியோருடன் சேர்ந்து சாக்ஸ் எழுதிய கட்டுரை 1974இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் சாலை விபத்தில் இறந்துபோனார். பேச்சை எழுத்தில் பதிய ஜெஃபர்சன் வகுத்த முறையில் மௌனத்தைக்கூட நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து அடைப்புக்குறிக்குள் குறிப்பார்கள். ஆம், இல்லை என்று விடை கோரும் கேள்விகளைப் பத்து மொழிகளில் ஒப்பிட்டு 2009இல் வந்த ஆய்வு, பதிலுக்கு முந்தைய இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று காட்டியது. அந்தப் பத்தில் தமிழ் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

சென்ற திங்கட்கிழமை, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் பெரியப்பாவிடம், "நல்லா இருக்கீங்களா பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கிளாஸை மேசையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ம்... இருக்கேன்" என்றார். ஒரு முழு நொடியாவது கடந்திருக்கும். போதாததற்கு, 'நல்லா' என்ற சொல்லையும் அவர் விட்டுவிட்டார். மனத்துக்கு ஒவ்வாத பதில் தயங்கித்தான் வரும், கூடவே ஒரு 'ம்' வரும் என்று இத்தனை ஆண்டுகள் படித்திருந்தும், நான் அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டேன். வியாழக்கிழமை பெரியம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது: தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நான்கு நாள் அதை மனத்தில் சுமந்துகொண்டு அவர் எல்லோருக்கும் "ஆச்சு, நீங்க?" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நேற்று அதே மேசையில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, இந்த முறை வாய் திறக்காமல் காத்திருந்தேன். கிளாஸ் இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து, என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.