பட்டத்தின் பெயரையும் கொஞ்சம் பாருங்கள்

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் எங்கள் தெருவில் கட்-ஆஃப் பேச்சுதான். கணினி அறிவியல் கிடைத்தால் இனிப்பு, சிவில் என்றால் இழவு வீடு. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பல, எந்தப் பொறியியல் பிரிவானாலும் வளாகத் தேர்வில் எடுத்துக்கொள்கின்றன என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கலை அறிவியல் பக்கம் சிக்கல் வேறு. ஆண்டுதோறும் புதுப்புதுப் பெயர்களில் படிப்புகள். அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 போல ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்கிற தேர்வுகளுக்குப் பெரிய தொல்லை இல்லை. ஆசிரியர் பணி போலக் குறிப்பிட்ட பாடம் கேட்கும் இடங்களில்தான் வினை: உங்கள் பட்டத்தின் பெயர் வேறாக இருந்தால், அது அந்தப் பாடத்துக்கு இணையானது என்று உயர்கல்வித் துறையின் அரசாணை இருக்க வேண்டும். இல்லையென்றால், எழுத்துத் தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள்.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இப்போது தன் பட்டம் இணையானதுதான் என்று காட்ட, பிளாஸ்டிக் கோப்பில் பாடத்திட்ட நகல்களை அடுக்கிக்கொண்டு அலைகிறாள். மதிப்பெண்ணில் குறையே இல்லை, பட்டத்தின் பெயரில்தான் குறையாம்!

கல்லூரி விளம்பரப் பலகையில் இதையெல்லாம் போட மாட்டார்கள். சேர்க்கை மேசையிலேயே அரசாணை எண்ணைக் கேளுங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும்.